டெலிவரி வேலை: ஊடுபயிரா, தனிப்பயிரா?

சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளிகளில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு பண்ணையம் பார்க்கும் குடும்பங்களில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. வீட்டில் படித்த பையன் இருக்கிறான். கையில் செல்போன் இருக்கிறது. வண்டியும் இருக்கிறது, அல்லது தவணையில் வாங்கிவிடலாம். சேலம் நகரில் ஓட்டல் சாப்பாட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஸ்விக்கி, சொமேட்டோ போன்ற நிறுவனங்களின் டெலிவரி வேலைக்கு அவனை அனுப்பலாமா? அதில் வரும் பணம் படுகிற பாட்டுக்கு ஈடாகுமா?

இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் கூறிவிட முடியாது. எந்த ரகம் விதைக்கலாம் என்று கேட்டால் மண் என்ன, தண்ணீர் எவ்வளவு, பட்டம் எது என்று விசாரித்த பிறகே பதில் சொல்வது வழக்கம். டெலிவரி வேலைக்கும் அதே முறைதான் பொருந்தும். சுருக்கமாகச் சொன்னால், சிறு விவசாயக் குடும்பத்துக்கு இந்த வேலை தனிப்பயிராக நின்று தாங்காது. ஊடுபயிராகப் பலன் தரக்கூடும். அதுவும் எல்லாத் தோட்டத்துக்கும் அல்ல. இவ்வாறு சொல்வதற்கான காரணங்களைக் கணக்கோடு காண்பது நல்லது.

வேலையின் தன்மை

ஸ்விக்கி நிறுவனம் 2014-ஆம் ஆண்டு பெங்களூரில் தொடங்கப்பட்டது. அதன் பிறகு பத்தே ஆண்டுகளில் இந்தத் தொழில் பெருநகரங்களைத் தாண்டி மாவட்டத் தலைநகரங்கள் வரை வந்துவிட்டது. இத்தகைய செயலி வழி வேலைகளையும் சேர்த்து, நிரந்தர முதலாளி-தொழிலாளி உறவில் அடங்காத பணிகளில் நாட்டில் 2020-21-இல் 77 லட்சம் பேர் ஈடுபட்டிருந்தார்கள் என்றும், 2029-30-இல் இந்த எண்ணிக்கை 2 கோடியே 35 லட்சமாக உயரும் என்றும் நிதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. ஆகவே இது நாலு நாளில் மறைந்துபோகும் வேலையல்ல. கிராமத்து இளைஞர்கள் இதை நாடிப் போவதும் வியப்பல்ல.

ஆனால் இது சம்பள வேலை என்று எண்ணிவிடக் கூடாது. இதில் மாதச் சம்பளம் கிடையாது. கொண்டுபோய்க் கொடுக்கும் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தொகை. குறிப்பிட்ட எண்ணிக்கையை முடித்தால் ஊக்கத்தொகை. வண்டி, பெட்ரோல், செல்போன், உழைப்பு அனைத்தும் ஓட்டுபவருடையவை. தொகையை நிர்ணயிப்பது நிறுவனம்.

இந்தப் பகுதி விவசாயிகளுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. கறிக்கோழி ஒப்பந்த வளர்ப்பில் குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவை நிறுவனத்துடையவை. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு ஆகியவை விவசாயியுடையவை. வளர்ப்புக் கூலியை நிறுவனம் சொல்லும். அடுத்த குஞ்சு எப்போது வரும் என்பதும் நிறுவனத்தின் கையில். குஞ்சு வராத நாட்களில் கொட்டகை சும்மா கிடந்தாலும் அதன்மேல் வாங்கிய கடனுக்கு வட்டி சும்மா இருப்பதில்லை. டெலிவரி வேலையும் அதே அச்சில் வார்த்ததுதான். அங்கே கொட்டகை; இங்கே வண்டி.

வரவும் செலவும்

உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று பழமொழி சொல்வார்கள். இன்று பல வீடுகளில் தோட்டத்துக் கணக்கைத் துல்லியமாகப் போட்டு, மிச்சமில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். வண்டிக் கணக்கை மட்டும் யாரும் போடுவதில்லை. வாரக் கடைசியில் வங்கிக் கணக்கில் விழும் தொகையே வருமானம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது மொத்த வரவு மட்டுமே. அதில் நிகர வருமானம் எவ்வளவு என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

சொமேட்டோ நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் 2026 ஜனவரித் தொடக்கத்தில் சில எண்களைப் பகிரங்கமாக வெளியிட்டார். 2025-இல் வாடிக்கையாளர் தரும் அன்பளிப்பு நீங்கலாக ஓட்டுபவருக்கு மணிக்குச் சராசரியாக 102 ரூபாய் கிடைத்தது என்றும், 2024-இல் இது 92 ரூபாய் என்றும் அவர் கூறினார். நாளுக்கு 10 மணி நேரம், மாதம் 26 நாள் ஓட்டினால் சுமார் 26,500 ரூபாய் வரும்; பெட்ரோல், பராமரிப்புக்கு நூற்றுக்கு 20 போக சுமார் 21,000 ரூபாய் நிற்கும் என்பது அவர் போட்ட கணக்கு. இது நாடு முழுவதற்குமான சராசரி. சேலத்திலும் நாமக்கல்லிலும் இதே அளவு கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆர்டர் குறைவாக உள்ள ஊரில் காத்திருக்கும் நேரம் கூடும். ஆயினும் நிறுவனமே சொன்ன எண் என்பதால் அதையே வைத்துக் கணக்குப் போடலாம்.

நகரிலிருந்து 20 கிலோமீட்டர் தொலைவில், ஆட்டையாம்பட்டி, மகுடஞ்சாவடி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் சேலத்துக்கு வந்து 8 மணி நேரம் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். வந்து போக 40 கி.மீ.; நகருக்குள் 80 கி.மீ.; ஆக 120 கி.மீ. வண்டி லிட்டருக்கு 50 கி.மீ. தரும், பெட்ரோல் லிட்டர் சுமார் 100 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய். எஞ்சின் ஆயில், டயர், செயின், பிரேக் முதலியவற்றுக்குக் கிலோமீட்டருக்கு 50 காசு. 95,000 ரூபாய் வண்டி ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கி.மீ. ஓடிய பிறகு 28,000, 29,000 ரூபாய்க்குப் போனால் தேய்மானம் கிலோமீட்டருக்கு 60 காசு. ஆக மொத்தம் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 10 காசு. இனி ஒரு நாள் கணக்கு:

வரவு: 8 மணி x 102 = 816 ரூபாய்
வண்டிச் செலவு: 120 கி.மீ. x 3.10 = 372 ரூபாய்
சாப்பாடு, டீ: 80 ரூபாய்
செல்போன், வண்டி இன்சூரன்ஸ் நாள் பங்கு: 20 ரூபாய்
மொத்தச் செலவு: 472 ரூபாய்
மிச்சம்: 344 ரூபாய்

வந்து போகும் ஒன்றரை மணி நேரத்தையும் சேர்த்தால் ஒன்பதரை மணி நேர உழைப்பு. மணிக்கு 36 ரூபாய் ஆகிறது. கிராமப்புற வேலை உறுதித் திட்டத்தில் 2025-26-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நாள்கூலி 336 ரூபாய். இரண்டுக்கும் வித்தியாசம் 8 ரூபாய்தான்.

நிறுவனத் தரப்புக் கணக்கும் இந்தக் கணக்கும் ஏன் இவ்வளவு மாறுபடுகின்றன? அவர்கள் சொல்வது பெட்ரோலும் பராமரிப்பும் மட்டும். நகருக்குள் ஓடும் 80 கி.மீ.க்கு அந்த இரண்டையும் கணக்கிட்டால் 200 ரூபாய், அதாவது வரவில் நூற்றுக்கு 25. அவர்கள் சொன்ன 20-க்கு இது வெகுதூரமில்லை. ஆனால் கிராமத்திலிருந்து நகருக்கு வரும் தூரம், வண்டியின் தேய்மானம், வெளிச் சாப்பாடு ஆகியவை அவர்கள் கணக்கில் இல்லை. அவை கிராமத்து இளைஞரின் கணக்கில் கட்டாயம் உண்டு.

தேய்மானம் கண்ணுக்குத் தெரியாத செலவு. நாளுக்கு 72 ரூபாய் வீதம் வண்டி கரைந்துகொண்டே இருக்கும். அந்த 72 ரூபாயும் கையில் தங்குவதால் இலாபம் போலத் தோன்றும். மூன்று ஆண்டு கழித்து வண்டி ஒர்க்‌ஷாப்பில் படுத்த பிறகுதான் உண்மை புரியும். உரமே இடாமல் தொடர்ந்து மரவள்ளி வைத்த காட்டின் கதைதான் இது. முதல் இரண்டு வெள்ளாமையில் செலவு மிச்சம் போலத் தெரியும். மூன்றாவதில் கிழங்கு விரல் கனம்கூடத் தேறாது.

தவணையில் வண்டி வாங்கினால் வட்டியும் சேரும். 75,000 ரூபாய் கடனுக்கு மூன்று ஆண்டில் 22,500 ரூபாய் வட்டி என்றால் மாதம் 625 ரூபாய். வேலை நாளுக்கு 24 ரூபாய். மிச்சம் 344 ரூபாயிலிருந்து 320 ரூபாயாக இறங்கிவிடும்.

மேலே கொடுத்தவை மாதிரி எண்கள். அவரவர் வண்டி, தூரம், பெட்ரோல் விலை ஆகியவற்றை வைத்து ஒவ்வொருவரும் தமக்கென இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தூரமே தீர்ப்பு

முழு நாளும் வேண்டாம், இராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் நான்கு மணி நேரம் மட்டும் ஓட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் எந்த ஊரிலிருந்து வருகிறார் என்பதே அதைத் தீர்மானிக்கும்.

20 கி.மீ. தொலைவிலிருந்து வருபவருக்கு நான்கு மணி நேரத்தில் வரவு 408 ரூபாய். வந்து போக 40, நகருக்குள் 40, ஆக 80 கி.மீ.க்கு வண்டிச் செலவு 248 ரூபாய். இதர செலவு 20 ரூபாய். மிச்சம் 140 ரூபாய். ஐந்தரை மணி நேரம் வீட்டை விட்டு வெளியே இருந்ததற்கு இது மிகக் குறைவு.

கொண்டலாம்பட்டி, நெய்க்காரப்பட்டி போல நகரை ஒட்டிய ஊரில் 5 கி.மீ. தொலைவில் இருப்பவருக்கு மொத்த ஓட்டம் 50 கி.மீ.தான். வண்டிச் செலவு 155, இதரம் 20 போக 233 ரூபாய் மிஞ்சும். நாலரை மணி நேரத்துக்கு, மணிக்கு 52 ரூபாய் வீதம் ஆகிறது. வேலை ஒன்றுதான், நேரமும் ஒன்றுதான். தூரம் மட்டுமே ஒருவருக்கு ஆதாயத்தையும் மற்றவருக்கு அலைச்சலையும் தருகிறது.

தோட்டத்தில் ஏற்படும் இழப்பு

வண்டிக் கணக்கோடு முடிந்துவிடவில்லை. பையன் நகருக்குப் போன நாட்களில் தோட்டத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்கு மோட்டார் போட்டு மடை மாற்ற ஆள் வேண்டும். மருந்தடிக்க, களை எடுக்க, தீவனம் அறுக்க ஆள் வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் கூலியாள் வைக்க நேர்ந்து, ஊர்க் கூலி 500 ரூபாய் என்றால் வாரம் 1,000 ரூபாய். பையனின் ஆறு வேலை நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 167 ரூபாய்.

வண்டிக்கு முன்பணம் கட்ட மாட்டை விற்கும் வீடுகளும் உண்டு. ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 2023 டிசம்பரில் லிட்டருக்கு 38 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்த விலையில் நாளுக்கு 8 லிட்டர் கறக்கும் மாடு 304 ரூபாய் தரும். தீவனத்துக்கும் பராமரிப்புக்கும் நூற்றுக்கு 60 போனாலும் 120 ரூபாய் மிஞ்சும். கன்றும் சாணமும் தனி. ஆக 344 ரூபாயில் கூலியாள் செலவு 167, மாட்டால் வந்த 120 இரண்டையும் கழித்தால் எஞ்சுவது 57 ரூபாய். இதற்காகவா ஒரு குடும்பம் மாட்டை விற்றுக் கடனும் வாங்க வேண்டும்?

கணக்கில் அடங்காத இழப்பு ஒன்றும் இருக்கிறது. பயிரைத் தினமும் பார்க்கும் கண் போய்விடுகிறது. மரவள்ளியில் மாவுப்பூச்சித் தாக்குதலை இதற்கு உதாரணமாகக் கூறலாம். 2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்ட இந்தப் புதிய பூச்சி சேலம், நாமக்கல் மரவள்ளிக் காடுகளிலும் பெரும் சேதம் விளைவித்தது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்த அனாகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவி, ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் 2022 மார்ச்சில் வெளியிடப்பட்டது. ஆனால் குருத்து சுருண்டு கொத்தாகத் திரள்வதை ஆரம்பத்திலேயே கண்டுகொள்பவர்தான் இதனால் பயன் அடைவார். நள்ளிரவில் வீடு திரும்பி முற்பகலில் எழுந்திருக்கும் பையன் காட்டுப் பக்கம் போவதற்குள் பத்து நாள் ஓடிவிடும்.

தொகை யார் கையில்?

மரவள்ளிக் கிழங்கை லாரியில் ஏற்றி சேகோ ஆலைக்கு அனுப்பும் விவசாயிக்கு, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று ஆலையில் அளந்து சொன்ன பிறகே விலை தெரியும். டெலிவரி வேலையிலும் இன்று கிடைக்கும் தொகை நாளையும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஓர் ஆர்டருக்கான குறைந்தபட்சத் தொகை 35 ரூபாயிலிருந்து 15 ரூபாயாகக் குறைக்கப்பட்டது என்று குறை கூறி 2020 ஆகஸ்டில் சென்னையில் ஸ்விக்கி ஓட்டுபவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 டிசம்பர் 25, 31 தேதிகளில் நாட்டின் பல நகரங்களில் கூலி உயர்வும் பாதுகாப்பும் கேட்டுத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தன. பெட்ரோல் விலை ஏறினால் அந்தப் பாரம் ஓட்டுபவர் தலையில்தான் முதலில் விழும். இதை மனதில் வைத்தே நீண்ட காலத் தவணையில் கையெழுத்திட வேண்டும். தொகை வாரத்துக்கு வாரம் மாறலாம். தவணை 36 மாதத்துக்கும் மாறாது.

விபத்தும் காப்பீடும்

இந்த வேலையில் மிகப் பெரிய செலவு என்றோ ஒரு நாள் வரக்கூடிய விபத்து. மழை இரவில் எண்பது, நூறு கி.மீ. ஓட்டுபவர் இதை எண்ணாமல் இருக்க முடியாது. ஒரு கால் முறிந்தால் வரவு நின்றுவிடும். ஆஸ்பத்திரிச் செலவும் தவணையும் நிற்காது. அதை அடைக்கக் கடைசியில் விலைபோவது நிலம்தான். ஆகவே வேலையில் சேரும் முன் மூன்று விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, வண்டி யார் பெயரில் உள்ளது என்பது. வண்டி உரிமையாளர் தாமே ஓட்டும்போது விபத்தில் சிக்கினால் 15 லட்சம் ரூபாய் வரையிலான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. இது பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ள, ஓட்டுநர் உரிமம் பெற்ற உரிமையாளருக்கே உரியது. வண்டி தந்தை பெயரில் இருந்து மகன் ஓட்டினால் அந்தப் பாதுகாப்பு மகனுக்குக் கிடைக்காது.

இரண்டாவது, பாலிசியில் உள்ள நிபந்தனை. சொந்த உபயோகத்துக்கென எடுக்கும் இரு சக்கர வாகன பாலிசியில், கூலிக்கோ சரக்கு ஏற்றவோ வண்டியைப் பயன்படுத்துவது வழக்கமாக விலக்கப்பட்டிருக்கும். டெலிவரி வேலைக்கு ஓட்டினால் பாலிசி செல்லுமா என்று இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, நிறுவனம் தரும் காப்பீடு. எந்த நேரத்துக்கு, எந்த நிபந்தனையில் அது பொருந்தும், வீட்டிலிருந்து நகருக்கு வரும் வழியில் விபத்து நேர்ந்தால் பணம் கிடைக்குமா என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அரசின் உதவிகள்

தமிழ்நாட்டில் இணையம் சார்ந்த இந்தத் தொழிலாளர்களுக்கென தனி நலவாரியம் அமைக்கப்படும் என்று 2023 ஆகஸ்ட் 15 அன்று முதலமைச்சர் அறிவித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் வாரியம் அமைந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இத்தொழிலாளர்கள் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. மின்சார வண்டியில் எரிபொருள் செலவு வெகுவாகக் குறையும். எனினும் ஒரு முறை சார்ஜ் செய்தால் எத்தனை கி.மீ. ஓடும் என்பதை அறியாமல், 20 கி.மீ. தூரத்துக் கிராமத்தில் இருப்பவர் அதை வாங்கக் கூடாது. பம்புசெட்டுக்குத் தரும் இலவச மின்சாரத்தில் வண்டியைச் சார்ஜ் செய்வது குற்றம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுவரவில் நூற்றுக்கு 1 முதல் 2 வரை தொழிலாளர் நல நிதிக்குச் செலுத்த வேண்டும். தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் நூற்றுக்கு 5 அதன் உச்ச வரம்பு. எனவே ஓட்டுபவர் எவராயினும் மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும், தொழிலாளர் துறை மூலம் மாநில நலவாரியத்திலும் பதிவு செய்துகொள்வது அவசியம். பதிவு செய்யாதவருக்கு எந்த உதவியும் வீடு தேடி வராது.

இளைஞர் பக்கத்து நியாயம்

இத்தனை குறைகள் இருந்தும் இளைஞர்கள் இந்த வேலையை நாடுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. அவற்றைப் பெரியவர்கள் ஒதுக்கிவிடக் கூடாது. மரவள்ளி வைத்தவர் ஒன்பது, பத்து மாதம் காத்திருக்க வேண்டும். டெலிவரி வேலையில் பணம் வாரா வாரம் வருகிறது. தோட்டத்தில் எவ்வளவு பாடுபட்டாலும் கைச்செலவுக்குத் தந்தையிடம் கேட்க வேண்டியிருக்கிறது. இங்கே தன் பெயரில் பணம் விழுகிறது. பண்ணையம் பார்க்கும் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கத் தயங்கும் காலம் இது. வெளியில் வேலை என்று சொல்லிக்கொள்ள இளைஞர் விரும்புவதில் தவறு காண முடியாது. தோட்ட வருமானத்தில் மகனுக்கென ஒரு பங்கை மாதாமாதம் எடுத்து வைக்கும் வீடுகளில் இந்தப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். பால் பணத்தையாவது மகன் பெயரில் வரவு வைக்கலாம்.

அதே சமயம் இளைஞரும் ஒன்றை யோசிக்க வேண்டும். ஐந்து ஆண்டு கழித்து என்ன மிஞ்சும்? நாமக்கல்லில் லாரி கூண்டு கட்டும் பட்டறையிலோ, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு வண்டியிலோ, கோழிப் பண்ணையிலோ ஐந்து ஆண்டு வேலை செய்பவருக்குக் கைத்தொழில் கூடுகிறது, கூலியும் கூடுகிறது. டெலிவரி வேலையில் ஐந்தாம் ஆண்டு ஓட்டுபவரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஏறக்குறைய ஒரே தொகைக்கே ஓடுகிறார்கள். நிறுவனத் தலைவர் வெளியிட்ட எண்களிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 2025-இல் அந்நிறுவனத்துக்கு ஓட்டியவர்கள் சராசரியாக ஆண்டுக்கு 38 நாள்தான் ஓட்டினார்கள். 250 நாளுக்கு மேல் ஓட்டியவர்கள் நூற்றுக்கு 2.3 பேர் மட்டுமே. நாடு முழுவதும் பெரும்பாலோர் இதைத் தனிப்பயிராக வைக்கவில்லை என்பது தெளிவு.

எப்போது போகலாம்?

கீழ்க்கண்ட நிலைமைகள் பொருந்தினால் இந்த வேலையை ஊடுபயிராக வைத்துக்கொள்வதில் தவறில்லை.

1. வீடு நகரிலிருந்து 5, 6 கி.மீ. தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

2. கடன் இல்லாத வண்டி ஏற்கெனவே இருக்க வேண்டும். இதற்கென்று புது வண்டி வாங்குவதும், மாட்டையோ நகையையோ விற்பதும் கூடாது.

3. பயிரின் ஓய்வுக் காலமாக இருக்க வேண்டும். மரவள்ளி நட்ட முதல் மூன்று மாதம் களையெடுப்பும் மண் அணைப்பும் தவிர்க்க முடியாதவை. இலை மூடிய பிறகு ஆள் வேலை குறையும். அந்த மாதங்களில் மாலையில் போகலாம். மானாவாரிக் காட்டுக்காரர்களுக்குக் கோடை ஏற்றது. விடியற்காலையில் பூப் பறிப்பவர்களுக்கும், பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கும், சின்ன வெங்காயம், காய்கறி சாகுபடியாளர்களுக்கும் இராத்திரி வேலை ஒத்துவராது.

4. பணத்துக்கு ஒரு குறிக்கோளும் முடிவு நாளும் இருக்க வேண்டும். மாலையில் 100 நாள் ஓட்டி, நாளுக்கு 233 ரூபாய் மிஞ்சினால் 23,300 ரூபாய். கந்துக்கடனை அடைக்கவோ மோட்டாரைப் பழுது பார்க்கவோ அது உதவும். குறிக்கோள் இல்லாத பணம் செல்போன் தவணையில் போய் முடியும்.

5. முதல் ஏழு நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு எண்களைத் தவறாமல் எழுத வேண்டும்: வீட்டை விட்டுக் கிளம்பியது முதல் திரும்பியது வரை எத்தனை மணி, மீட்டர்படி எத்தனை கி.மீ., வரவு எவ்வளவு, கையிலிருந்து செலவு எவ்வளவு. கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 10 காசு வீதம் வண்டிச் செலவைக் கழித்து, மீதியை மணிக்கு வகுத்துப் பார்க்கவும். அது ஊர்க் கூலியைவிடக் குறைவாக இருந்தால் எட்டாம் நாள் போக வேண்டியதில்லை.

வண்டியும் செல்போனும் கையில் இருப்பவருக்கு வேறு வழியும் உண்டு. அதே வண்டியில் 40 கிலோ காய்கறியை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் சூரமங்கலம் அல்லது அம்மாபேட்டை உழவர் சந்தைக்குப் போனால், 20 கி.மீ. தூரத்திலிருந்தும் வந்து போக 124 ரூபாய்தான் செலவு. தோட்டத்து விலையைவிடக் கிலோவுக்கு 8 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தாலே 320 ரூபாய் வரும்; செலவு போக 196 ரூபாய் நிற்கும். முற்பகலுக்குள் வீடு திரும்பிவிடலாம்.

ஊடுபயிர் வைக்கும்போது முதன்மைப் பயிரின் வேரையும் வெளிச்சத்தையும் அது பறிக்காதபடி இடைவெளி விடுவது விவசாயிக்குப் பழக்கமான காரியம். தட்டைப்பயறு மரவள்ளியை மூடும் அளவுக்குப் படர்ந்தால் யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. டெலிவரி வேலையையும் அந்த அளவில் நிறுத்திக்கொண்டால் கைக்கு நாலு காசு சேரும். வண்டித் தவணைக்காகத் தோட்டத்தை விட்டு ஓட வேண்டிய நிலை வந்துவிட்டால், விளைச்சல் யாருக்கோ போய்ச் சேரும். செலவு மட்டும் குடும்பத்தின் தலையில் நிற்கும். தவணைப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.